மாரெனுக்கு இன்று காய்ச்சல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் காதால் கேட்டதை மட்டும் சொல்கிறேன். சோஃபியா நகரின் ஓரத்தில், வெளிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் அமெரிக்கப் பள்ளியில் பதினோரு வருடமாக வருகைப்பதிவு எழுதுகிறேன். என் பெயர் ராத்கா. பிள்ளை வராத நாளில் பெற்றோர் போன் செய்து சொல்ல வேண்டும். எட்டு மணிக்கு முன்னால் என்றால் மெஷினில் பதிவாகும். நான் வந்து கேட்டு, பெயருக்கு நேரே குறித்துக்கொள்வேன்.

ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. மெஷினில் ஒரே ஒரு பதிவு. நேரம் 7:09.

"மாரெனோட அம்மா பேசுறேன். அவளுக்குக் காய்ச்சல். இன்னிக்கு அனுப்பல."

மாரென் அந்த மாதம்தான் மூன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்த டென்மார்க் பெண். குறித்துவிட்டு, வாங்கி வந்த பனிட்சா அப்பத்தைப் பிட்டு வாயில் போட்டேன். 8:20க்கு அவளுடைய டீச்சர் காலீன் எட்டிப் பார்த்தாள்.

"என்ன ராத்கா, மாரெனுக்கு லீவு போட்டிருக்க? முதல் வரிசையில உக்காந்திருக்கா."

"அவங்க அம்மாதான் சொன்னாங்க."

"காலையிலேயே ராக்கியா ஊத்திக்கிட்டு வந்தியா?"

சிரித்துவிட்டுத் திருத்தினேன்.

புதன்கிழமை 7:09. வியாழக்கிழமை 7:09. அதே குரல், அதே சொற்கள். மூச்சு வாங்கும் இடம்கூட மாறவில்லை. மாரெனோ மூன்று நாளும் வகுப்பில் இருந்தாள். அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பைத் தட்டுவது போல... டிங்... டிங் டிங்...

வெள்ளிக்கிழமை 6:50க்கே போய் உட்கார்ந்தேன். இன்னும் விடியவில்லை.

7:09. போன் அடித்தது. எடுத்தேன்.

"மாரெனோட அம்மா பேசுறேன்..."

"மேடம், மாரென் தினமும் வர்றாளே."

டிங்... டிங் டிங்...

"அவளுக்குக் காய்ச்சல்."

"நான் பேசுறது கேக்குதா?"

"காய்ச்சல்... குறிச்சுக்கிட்டீங்களா?"

அழுகிற குரல்.

"சரிம்மா. குறிச்சுக்கிட்டேன்."

நீண்ட பெருமூச்சு...

"நன்றி."

அவ்வளவுதான்.

அன்று மதியம் மாரெனின் அப்பா யெஸ்பரை வரச்சொல்லி, பழைய பதிவைப் போட்டுக் காட்டினேன். முதல் சொல்லிலேயே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் சத்தம்... கெய்ரோவுல கேஸ் சிலிண்டர் விக்கிறவங்க தட்டுறது. எங்க பழைய தெரு."

"இது உங்க மனைவியா?"

"அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு. பள்ளிக்குப் போன் பண்ணிட்டு, மருந்து வாங்க ரோட்டைத் தாண்டினா. கார் அடிச்சிருச்சு."

கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே தொடர்ந்தார்.

"அன்னிக்கு மாரெனுக்குக் காய்ச்சலே இல்லங்க. பரீட்சைக்குப் பயந்து பொய் சொல்லியிருக்கா. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட லீவு எடுக்க மாட்டேங்குறா. உடம்பு நெருப்பாக் கொதிச்சாலும் கிளம்பிடுறா."

நான் மெஷினை அணைத்ததும் அவர் கிளம்ப எழுந்தார்.

"இது அவளுக்குத் தெரிய வேண்டாம். ஆனா... போனை எடுக்காம விட்டுடாதீங்க."

விடவில்லை. பள்ளி நடந்த நாளெல்லாம், ஜூன் வரை, 7:09க்கு எடுத்து "குறிச்சுக்கிட்டேன்" என்றேன். 8:05க்கு மாரென் என் ஜன்னலருகே வந்து நிற்பாள். "நான் வந்துட்டேன். எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போவாள். ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு ஒரு பதில், மகளுக்கு ஒரு பதில். இரண்டையும் நானே சொன்னேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கோடையில் அவர்கள் நைரோபிக்கு மாறிப் போனார்கள். செப்டம்பரில் பள்ளி திறந்தது. 7:09... போன் அடிக்கவில்லை.

இரண்டாவது வாரம், நைரோபிப் பள்ளியிலிருந்து நெகேசா என்ற பெண் பேசினாள். மாரெனின் மதிப்பெண் பட்டியல் வேண்டுமாம். அனுப்புவதாகச் சொன்னேன். அவள் போனை வைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பொண்ணோட அம்மா..."

"7:09க்கா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம். பிறகு மெல்லக் கேட்டாள்.

"பொண்ணு வந்திருக்கான்னு சொன்னா அவங்களுக்குக் கேக்கவே மாட்டேங்குது. 'ராத்கா குறிச்சுக்குவாங்களே'ன்னு அழறாங்க. யாருங்க அந்த ராத்கா?"

அந்த அம்மாவிடம் ஒருநாளும் நான் என் பெயரைச் சொன்னதில்லை.