பயந்தாங்கொள்ளிக்குத் தைத்த கோட்

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணிக்குக் கோட்டைமேட்டில் என் தையல் கடையில் தொடங்கி, மாலையில் பீளமேட்டில் ஒரு கல்லூரி அரங்கத்தில் முடிந்த கதை இது.

நான் கோட் தைக்கிறவன். இருபத்தாறு வருடமாக அதுதான் வேலை. கல்யாண மாப்பிள்ளைகள், வக்கீல்கள், முதல் முறை வெளிநாடு போகிற பையன்கள் என்று எல்லோரும் வருவார்கள். தோள் சரியாக உட்காராத ஒரு கோட்டைப் பஸ்ஸில் பார்த்தால்கூட, போட்டிருப்பவரை நிறுத்திச் சொல்லிவிடலாமா என்று எனக்கு வாய் பரபரக்கும். அந்த அளவுக்குப் பைத்தியம். அந்தப் பைத்தியம்தான் அன்றைக்கு என் மகளை அழவைத்தது.

மகள் அப்போது பொறியியல் இரண்டாம் வருடம். ஒரே பிள்ளை, நன்றாகப் படிப்பாள். ஆனால் நாலு பேர் அவளைத் திரும்பிப் பார்த்தால் போதும், கை நடுங்க ஆரம்பித்துவிடும். பதினொன்றாம் வகுப்பில், காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கப் போனவள், கையில் இருந்த தாள் படபடக்க நின்றுவிட்டு, ஒரு வரிகூட வாசிக்காமல் இறங்கிவிட்டாள். மொத்தப் பள்ளியும் சிரித்ததாம். கல்லூரியில் முதல் வருடம், செய்முறைத் தேர்வில் வாய்மொழிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்று, அந்தப் பாடத்தில் அரியர் வேறு.

எனக்கு அது புரியவே இல்லை. நான் எவனிடமும் சத்தமாகப் பேசிப் பழகியவன். "எதுக்குக் கண்ணு பயப்படோணும்? என்ற புள்ள நீ, தைரியமா நில்லு" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவேன். திரும்பத் திரும்பச் சொன்னால் தைரியம் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் கடைக்கு வந்து, கல்லூரி விழாவில் வேடப் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறேன் என்றாள். ஜப்பான் கார்ட்டூன் தொடர்களில் வருகிற யாராவது ஒருவர் போல உடுத்திக்கொண்டு, மேடையில் அந்த ஆளாகவே மூன்று நிமிடம் பேச வேண்டுமாம். எனக்கு நம்பவே முடியவில்லை. சந்தோஷத்தில் பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் டீ சொன்னேன்.

போனில் படம் காட்டினாள். மணல் கடலில் ஓடுகிற ஒரு கப்பல், தொலைந்துபோன நகரத்தைத் தேடிப் போகிற ஐந்து பேர். முன்னால் கத்தியை உயர்த்திக்கொண்டு ஒருவன், பக்கத்தில் வில்லோடு ஒரு பெண். "இதுல யாரு கண்ணு நீ?" என்றேன். அவள் விரல் கடைசியில் போய் நின்றது. அங்கே இரண்டு ஆள் நுழைகிற மாதிரி தொளதொளவென்று ஒரு கோட்டுக்குள், மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒருவன் முழித்துக்கொண்டிருந்தான்.

"இவன் யாரு?"

"ரொம்பப் பயப்படுவானுங்க அத்தா. எதைப் பாத்தாலும் கத்துவான். எல்லாரும் இவனைப் பாத்துச் சிரிப்பாங்க."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கத்திக்காரனை விட்டுவிட்டு இந்தக் கோமாளியா என்று கேட்டேன். "இவனைத்தானுங்க அத்தா எனக்குப் புடிக்கும்" என்று சொல்லிவிட்டு, பழுப்புத் துணியை மேசையில் வைத்தாள். தன் அளவை எடுக்கவே கூடாது, படத்தில் இருப்பது மாதிரியே தோள் நாலு விரல் இறங்கி, கோட்டின் கைகள் விரல் நுனியைத் தாண்டித் தொங்க வேண்டும், மொத்தம் பதினான்கு பாக்கெட் வேண்டும் என்று தாளில் வரைந்தும் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதலில் அவள் சொன்னபடிதான் வெட்டித் தைத்தேன். வியாழக்கிழமை முடித்து மாட்டிப் பார்த்தால், சாக்குப்பை மாதிரி தொங்குகிறது. இதைப் போட்டுக்கொண்டா என் மகள் மேடை ஏறுவது? தையல்காரன் மகள் அளவு தெரியாத கோட்டோடு நின்றால் ஊர் சிரிக்காதா? கத்தரியை எடுத்தேன். கைகளை மணிக்கட்டோடு நறுக்கினேன். தோளை ஏற்றினேன், இடுப்பைப் பிடித்தேன். பாக்கெட்டில் எட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு ஆறை மட்டும் வைத்தேன். வெட்டி எடுத்த துண்டுகள் வெள்ளிக்கிழமைக் குப்பையோடு போய்விட்டன. இஸ்திரி போட்டு மாட்டினால், அசல் துரைமார் கோட். கடைக்கு வந்த இரண்டு பேர் "யாருக்குங்க இது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் வந்தாள். போட்டி மூன்று மணிக்கு. கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். சந்தோஷத்தில் கத்துவாள், இல்லை கட்டிக்கொள்வாள் என்று பார்த்தேன். அவள் கோட்டின் கை முனையை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நல்லாருக்குதுங்க அத்தா" என்றாள். கழற்றினாள். அழகாக மடித்து மேசையில் வைத்தாள்.

"நான் போகலைங்க அத்தா."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ரெண்டு நாள் வேலை கண்ணு இது! இதைவிட நல்லா எவன் தைப்பான்?" என்று கத்தினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "ஒரே ஒரு பாகம் பாருங்க அத்தா. இருபது நிமிசந்தான். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்" என்றாள்.

தையல் மெஷினில் போனைச் சாய்த்துவைத்துப் பார்த்தோம். தமிழில் பேச்சு ஓடியது. முதல் பத்து நிமிடம் அந்தக் கோட்டுக்காரன் பல்லியைப் பார்த்துக் கத்துகிறான், தன் நிழலைப் பார்த்துக் கத்துகிறான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கத்திக்காரன் உட்பட நாலு பேரும் ஒரு பாழடைந்த கோபுரத்துக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். இவன் ஒருவன்தான் வெளியே. கப்பல் பக்கத்திலேயே நிற்கிறது, ஏறிப் போய்விடலாம். இவன் அழுகிறான். உட்கார்ந்து வாந்தி எடுக்கிறான். அப்புறம் எழுந்து, அழுதுகொண்டே கோபுரத்துக்குள் நடக்கிறான். தொங்குகிற கோட்டுக் கைக்குள் அவன் விரல்கள் நடுங்குவது, துணி ஆடுவதில் தெரிகிறது. அந்தப் பதினான்கு பாக்கெட்டிலும் கயிறு, மெழுகுவத்தி, கட்டுத்துணி, பிஸ்கட் என்று எல்லாம் வைத்திருக்கிறான். என்ன ஆகிவிடுமோ என்று எந்நேரமும் பயந்தவன், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் சேர்த்து வைத்திருக்கிறான். நாலு பேரையும் வெளியே கொண்டுவந்தது அந்தப் பொருள்கள்தான். வந்ததும் அவர்கள் கத்திக்காரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். இவன் ஓரமாக நின்று பாக்கெட்டில் மிச்சம் என்ன இருக்கிறது என்று எண்ணுகிறான்.

படம் முடிந்தது. அவள் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள். நடுங்கிக்கொண்டிருந்தன.

"எல்லாரும் பாத்தா இப்படித்தானுங்க ஆடுது. நிறுத்த முடியலைங்க அத்தா. அந்தக் கோட்டுக் கைக்குள்ள மறைச்சுக்கிட்டா ஏறிருவேன்னு நெனைச்சேன். அதைத்தான் வெட்டிப்போட்டீங்க."

கைகளை இழுத்துக்கொண்டு, "அந்த வாய்மொழித் தேர்வுல எல்லாப் பதிலும் எனக்குத் தெரியும். கை ஆடறதை அவங்க பாத்துட்டே இருந்தாங்க, அதனாலதான் பேச்சே வரல" என்றாள்.

அந்த அரியர் வந்ததிலிருந்து நான் அவளைப் படிக்காதவள் என்றும் பயந்தாங்கொள்ளி என்றும் திட்டியிருக்கிறேன். ஒரு நாளாவது என்ன நடந்தது என்று கேட்டேனா? இல்லை. இத்தனை பேருக்கு அளவெடுத்த எனக்கு என் பிள்ளையின் அளவு தெரியவில்லை.

மணி பதினொன்றே கால். அந்தப் பழுப்புத் துணியில் ஒரு முழம்கூட மிச்சம் இல்லை. ஒப்பணக்கார வீதியில் இரண்டு கடைக்குப் போன் போட்டேன், அந்த நிறம் இல்லை. கடை முகப்பில் கண்ணாடிக்குள் ஒரு கோட் தொங்கும். கடை திறந்த வருடம் நானே எனக்காகக் கைத்தையல் போட்டுத் தைத்தது. என் வேலை எப்படி என்று கேட்பவர்களுக்கு அதைத்தான் காட்டுவேன். காப்பிக்கொட்டை நிறம். அதை இறக்கி மேசையில் விரித்தேன்.

மகள் பதறிவிட்டாள். "ஐயோ, அது வேண்டாமுங்க அத்தா!"

"பேசாத. உன்ற கோட்டைப் பிரி" என்று பிளேடை அவள் கையில் கொடுத்தேன்.

என் கோட்டின் கைகளை வெட்டி அவளுடையதில் நீட்டித் தைத்தேன். முதுகுத் துணியை எடுத்துத் தோளுக்கு ஒட்டுக் கொடுத்து இறக்கினேன். மீதியில் எட்டுப் பாக்கெட். நிறம் ஒட்டவில்லை, கோட் எங்கும் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். "அவன் கோட்டுலயும் ஒட்டு இருக்குமுங்க அத்தா. இப்பத்தான் சரியா வந்திருக்குது" என்றாள். மூன்று மணி நேரம் இருவரும் தலை நிமிரவில்லை. பாக்கெட்டுகளுக்கு அவள் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்த விரல்களில் ஒரு துளி நடுக்கம் இல்லை. நான் பார்ப்பது தெரியக் கூடாது என்று உடனே தலையைத் திருப்பிக்கொண்டேன்.

மேடைக்கென்று பையில் கொண்டுவந்திருந்த பொருள்களை அவள் பாக்கெட்டுகளில் அடைத்துக்கொண்டாள். வண்டியில் அவினாசி ரோட்டு நெரிசலுக்குள் புகுந்து, மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். அரங்கம் நிரம்பி, ஓரங்களில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் பின் வரிசையில் நின்றேன். அட்டைக் கத்திகளோடும் பறக்கிற துணிகளோடும் ஏழெட்டு வீரர்கள் வந்து முழங்கிவிட்டுப் போனார்கள். பிறகு என் மகள்.

நடுமேடைக்கு வந்தாள். நின்றாள். பேசவில்லை. கோட்டுக் கைகள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. எனக்குப் பழைய பள்ளிக்கூடக் கதை ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டேன். அதற்குள் முன்னால் யாரோ அந்தக் கார்ட்டூன்காரன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். சிரிப்பு கிளம்பியது. நடுக்கத்தை நடிப்பு என்று நினைத்துக் கை தட்டினார்கள். அவள் ஒரு பாக்கெட்டில் இருந்து விசிலை எடுத்து 'பீ' என்று ஊதினாள். அரங்கமே அலறியது.

அதன் பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நான் மூன்று மணி நேரம் உயிரைக் கொடுத்து நீட்டிய அந்தக் கைகளை முழங்கை வரை சுருட்டிவிட்டு, நடுங்குகிற விரல்களை உயர்த்திக் காட்டினாள்.

"இது நடிப்பில்லைங்க. என்ற கை நெசமாலுமே இப்படித்தான் ஆடும். இப்பக்கூடத் திரும்பி ஓடிரலாம்னுதான் இருக்குது. ஆனா இவன் ஒரு தடவையாச்சும் திரும்பி ஓடியிருக்கானா? சொல்லுங்க பாப்போம்!"

"இல்லை!" என்று ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்புறம் அவள் அவனாகவே மாறிவிட்டாள். பாக்கெட் பாக்கெட்டாகப் பொருளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்தப் பயத்தில் எடுத்துவைத்தது என்று சொல்லச் சொல்ல ஒரே சிரிப்பு. கடைசியில், மேடை ஓரத்தில் நின்ற கத்திக்காரர்களைப் பார்த்து, "நீங்க கத்திய எடுத்துட்டு முன்னால ஓடிருவீங்க. கட்டுத்துணிய யாரு எடுத்துட்டு வர்றதுங்க?" என்று கேட்டாளே, அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கத்திக்காரர்களே அட்டைக் கத்தியைத் தூக்கி அவளுக்கு வணக்கம் வைத்தார்கள். முதல் பரிசு அவளுக்குத்தான். ஆனால் பேர் அறிவித்தபோது எனக்குக் காது கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். "ஏனுங்க, உங்களுக்கு என்னங்க ஆச்சு?" என்று அவன் பயந்துபோய்க் கேட்டான். "என்ற புள்ளைங்க, என்ற புள்ள" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

அடுத்த பருவத் தேர்வில் அந்த அரியரை எழுதினாள். வாய்மொழிக் கேள்விக்குப் போனதும், "சார், என் கை நடுங்கும். பதில் தெரியும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாளாம். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லித் தேறிவிட்டாள். கை நடுக்கம் இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று இப்போது நானும் கேட்பதில்லை.

பயமே தெரியாத பிள்ளையைப் பெற்றவன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆசை இருந்தது. அத்தனை பயத்தையும் வைத்துக்கொண்டு ஒருத்தி மேடை ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு, அவளைப் பெற்றவன் என்கிற பெருமையே எனக்கு ஆயுளுக்கும் போதும் என்று தோன்றுகிறது.