இடது பக்கம் போகாத பிரேசில்

என்னைப்போல ஒரு மடையன் வெள்ளவத்தையில் இல்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நாற்பத்திமூன்று வயது. தலையில் மிச்சமிருக்கிற மயிரும் நரைத்துவிட்டது. அப்படியிருந்தும் பல்லுக்கொதி என்று ஒஃபிஸில் பொய் சொல்லி அரைநாள் லீவு எடுத்தேன். கன்னத்தைப் பொத்திக்கொண்டே லிஃப்டில் இறங்கி, பொத்திக்கொண்டே பஸ் ஏறி, புறக்கோட்டையில்தான் கையை எடுத்தேன். போன இடம் கொட்டாஞ்சேனை. போன காரியம், வீடியோ கேமில் ஃபுட்போல் விளையாட.

கூப்பிட்டவன் பள்ளிக்கூட நண்பன். அடுத்த கிழமை குடும்பத்தோடு மெல்பேர்ன் போகிறான். "பழைய கேம் பெட்டி கட்டிலுக்குக் கீழ கிடந்தது மச்சான். இன்னும் வேலை செய்யுது. ரி.வி.ய ஹெந்தளையில ஒராளுக்கு வித்திட்டன், பின்னேரம் வந்து தூக்கிடுவாங்கள். அதுக்குள்ள வந்திடு" என்றான்.

போகாமல் இருக்க முடியுமா? அவனிடம் நான் ஒருநாளும் வென்றதில்லை. ஏன் வெல்லவில்லை என்பதற்கு என்னிடம் அசைக்க முடியாத காரணம் ஒன்று இருந்தது. பெண்சாதி, பிள்ளைகள், ஒஃபிஸில் பக்கத்து மேசைக்காரர், எல்லாருக்கும் அது மனப்பாடம்.

அந்தக் காலத்தில் அவன் வீட்டில் இரண்டு கொன்ட்ரோலர். ஒன்று நல்லது. மற்றதில் அவனுடைய தம்பி ஜின்ஜர் பியரை ஊற்றியதில் இடது பக்கப் பொத்தான் செத்துப்போனது. செத்தது விருந்தாளிக்கு என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆகவே என்னுடைய பிரேசில் இடது பக்கம் போகாது. வலது பக்கக் கோலுக்கு அடிக்கிற பாதியில் நாங்கள் உலக சாம்பியன். பக்கம் மாறியதும் பதினொரு பேரும் பஸ்ஸுக்கு நிற்கிற சனம் மாதிரி நிற்பார்கள். கோல்கீப்பர் உதைக்கிற பந்துதான் எங்களுடைய ஒரே தாக்குதல். இந்த அரைவாசி ஃபுட்போலை பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனையான ஏ.எல். வரைக்கும் விளையாடினேன். துறைமுகத்தில் எலக்ட்ரீசியனாக இருந்த அவனுடைய அப்பா வேலை முடிந்து வந்தால் என் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போவார். என்மேல் பரிதாபம் என்று நினைத்துக்கொள்வேன்.

"நல்ல கொன்ட்ரோலர் மட்டும் கையில இருந்திருந்தா..." என்று கலியாணம் கட்டின பிறகும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அவன் பிளேன் ஏறிவிட்டால் அதை யாரிடம் நிரூபிப்பது?

வீட்டில் ஒரு கதிரைகூட மிச்சமில்லை. சூட்கேஸ்களுக்கு மேல் இருந்தோம். அதே திருட்டு சீடி, எல்லா எழுத்தும் ஜப்பான் பாஷை. எந்த வரியில் என்ன இருக்கிறது என்று வாசிக்காமலே விரலுக்குத் தெரியும்.

"இண்டைக்கு நீ நல்லத எடு" என்று நீட்டினான். மூலை உடைந்த அந்தச் செத்ததைத் தானே எடுத்துக்கொண்டான்.

"பிறகு அழக்கூடாது" என்றேன்.

"முதல்ல விளையாடுடா."

முதல் பாதியில் நான் அடிக்கவேண்டிய கோல் இடது பக்கம். பொத்தான் இருக்கிறது, நல்லாயும் இருக்கிறது. பெருவிரல்தான் அங்கே போக மாட்டேன் என்கிறது. என் முன்கள வீரன் பந்தை வாங்கிய கையோடு வலது பக்கம் திரும்பி, எங்கள் கோலை நோக்கியே ஓடினான். இதற்குள் ரி.வி. தூக்க ஹெந்தளையிலிருந்து வான் வந்துவிட்டது. டிரைவர் வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார்.

"வமட்ட அய்யே! வமட்ட!" இடது பக்கம் போகச் சொல்லிச் சிங்களத்தில் கத்துகிறார். எனக்கு விளங்குகிறது, விரலுக்கு விளங்கவில்லை. கடைசியில் ஒருமாதிரி அமத்திவிட்டேன். ஐயோ, பிரேசில் இடது பக்கம் ஓடுகிறது! அந்த அழகைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அடிக்க மறந்துபோனேன். என் ஆள் பந்தோடு கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டான். டிரைவர் தலையில் கைவைத்தார். போதாததற்கு நண்பன் ஒரு கோலும் போட்டான்.

இரண்டாம் பாதி. பக்கம் மாறியது. வலது பக்கம் என் சொந்த ஊர் அல்லவா, வந்த வேகத்தில் ஒன்று போட்டேன். ஒன்றுக்கு ஒன்று. இனி அவன்தான் இடது பக்கம் வரவேண்டும், அதுவும் அந்தச் செத்த கொன்ட்ரோலரோடு. வரவே முடியாது. எனக்கு மனம் இளகிவிட்டது, பாவம். காவலுக்கு ஆள் எதற்கு என்று எல்லாரையும் முன்னால் அனுப்பினேன். கோல்கீப்பர் மட்டும் பின்னால் நின்றான், அவனுக்கும் வேலை இல்லை என்றுதான் நினைத்தேன்.

பந்து கைமாறியது. நண்பனுடைய ஆள் பந்தை நிறுத்தினான். இடது பக்கம் திரும்பினான். ஆளில்லாத பாதி மைதானத்தில், கோல்ஃபேஸ் கடற்கரையில் காற்று வாங்குகிறவன் மாதிரி நடந்துபோய்ப் பந்தை உள்ளே வைத்தான். கேமில் வர்ணனை சொல்கிற ஜப்பான்காரர் தொண்டை கிழியக் கத்தினார். டிரைவர் கைதட்டினார். பிறகு எழும்பி பிளக்கைப் பிடுங்கினார்.

கறுத்துப்போன ரி.வி.யைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்: "டேய், அந்தக் கொன்ட்ரோலரால எப்பிடியடா இடது பக்கம் வந்தனீ?"

அவன் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "ஜின்ஜர் பியர் ஊத்தின அடுத்த கிழமையே அப்பா திருத்திட்டார், நீதான் ஒருநாளும் அமத்திப் பாக்கேல்ல."