பன்னிரண்டு மரத்துண்டுகள்

கன்னியப்பனுக்கு வலது கையில் மூன்று விரல்கள். மற்ற இரண்டும் 1986இல், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தகடு வெட்டும் கம்பெனியில் போயின. திருமுல்லைவாயில் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் மெஷினைத் தொட்ட முதல் ஆள் அவன். அந்தப் பெருமை பதினோரு மாதம் நிலைத்தது.

பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கும், கை உள்ளே மாட்டாது. ஆனால் சூப்பர்வைசர் பக்தவத்சலத்துக்கு வேகம் வேண்டும். ஒரு பட்டன் அமுங்கியபடியே கிடக்க மரத்துண்டைச் செருகிவிட்டார். ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். விரல் போனதும் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக்கொடுத்தார் அந்த மகராசன். கன்னியப்பனும் அதை நம்பித் தொலைத்தான். ஐந்து வருஷம் தன்னையே திட்டிக்கொண்டு, அதே கம்பெனியில் எடுபிடி வேலை பார்த்தான்.

டாக்டர் சர்டிபிகேட்டில் 'ஆம்ப்யூடேட்' என்று ஒரு வார்த்தை இருந்தது. வெட்டி எடுத்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவனுக்கு அது போதவில்லை. 1991இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போய் நூலகர் ஜெகதாம்பாளிடம் கேட்டான். அவர் தடித்த அகராதி ஒன்றைப் பிரித்தார்.

"லத்தீன்ல இருந்து வந்திருக்கு. 'அம்'னா சுத்தி. 'புத்தாரே'ன்னா கவாத்து பண்றது. தோட்டக்காரங்க கிளையைச் சுத்திக் கழிப்பாங்க இல்ல, அதுதான். அதே புத்தாரேக்கு கணிக்கிறது, யோசிக்கிறதுன்னும் போட்டிருக்கு."

"கவாத்து தானா நடக்குமாம்மா?"

"அதெப்படி? ஒருத்தர் யோசிச்சு வெட்டணும்."

வெளியே வந்தவன் சைக்கிள் பூட்டைத் திறக்காமல் நின்றான். டாக்டர் வெட்டியது நசுங்கிய சதையை. எதைக் கழித்தால் எது வளரும் என்று யோசித்தவர் வேறு ஆள். விரல் போன மறுவருஷமே பக்தவத்சலம் ஷிப்ட் இன்சார்ஜ் ஆனது ஞாபகம் வந்தது. இந்த ஆளை வேலையை விட்டுத் துரத்தாமல் ஓய்வதில்லை என்று அங்கேயே முடிவு செய்தான். ஐந்து வருஷத்தில் முதல் முறையாக மனசு லேசாக இருந்தது.

இதற்குள் பன்னிரண்டு பிரஸ்ஸிலும் மரத்துண்டு ஏறியிருந்தது. பக்தவத்சலம் ரொம்ப ஒழுங்கு. ஸ்டோரிலிருந்து எது வெளியே போனாலும் அதன் மேலேயே நம்பர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். மரத்துண்டுகளுக்கும் போட்டார். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தால் வாட்ச்மேன் மணியை இரண்டு தடவை அடிப்பார். கன்னியப்பன் ஓடிப்போய் எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டு ஒளிக்க வேண்டும்.

1992 ஆடி மாதம் மணி இரண்டு தடவை அடித்தது. கன்னியப்பன் பதினொன்றைப் பிடுங்கினான். ஏழாம் நம்பரைத் தொடவில்லை.

"எல்லாத்தையும் எடுத்துட்டியாடா?" என்றார் பக்தவத்சலம்.

"எட்த்தாச்சு சார்."

இன்ஸ்பெக்டர் ஏழாவது பிரஸ்ஸில் குனிந்தார். பக்தவத்சலத்துக்கு வேர்த்துவிட்டது. "ஒர்க்கருங்க நமக்குத் தெரியாம வைக்கிறாங்க சார். கவனக்குறைவு," என்றார்.

கன்னியப்பன் டப்பாவை எடுத்துவந்து இன்ஸ்பெக்டர் முன்னால் கொட்டினான்.

"மீதி பதினொண்ணும் இங்க கீது சார். கையெழுத்து யார்துன்னு நீங்களே பாத்துக்கோங்க."

கம்பெனி தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே மாதத்தில் பக்தவத்சலத்தை வீட்டுக்கு அனுப்பியது. கடைசி நாள் அவர் சாப்பாட்டுப் பையோடு கேட்டுக்கு வந்தபோது கன்னியப்பன் காத்துக்கொண்டிருந்தான்.

"வேலை குடுத்து வெச்சிருந்தனேடா, என் வயித்துல அடிச்சிட்டியே," என்றார். கன்னியப்பனுக்கு இரக்கம் வரவில்லை, வரவழைக்கவும் அவன் முயலவில்லை.

"போய்ட்டு வாங்க சார்," என்று வலது கையை நீட்டினான்.

ஆறு வருஷமாக அந்தக் கையை அவர் நேராகப் பார்த்ததில்லை. ஷிப்ட் முடிந்து ஆட்கள் சுற்றி நின்றார்கள். வேறு வழியில்லாமல் பிடித்தார். பிடித்த வேகத்தில் விடப் பார்த்தார். கன்னியப்பன் மூன்று விரல்களாலும் இறுக்கி, அவர் கீழே குனிந்து பார்க்கும்வரை விடவில்லை.