சக்களத்தி பாடிய கல்யாணம்

நியேலேவுக்கு அபாரமான குரல் என்று ஊரே சொல்கிறது. சொல்லட்டும். எனக்கும் குரல் உண்டு. அவள் என் சக்களத்தி, அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொண்டு கேளுங்கள்.

கித்தா என்ற ஊரில் பாட்டுக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாண வீடுகளில் வம்சப் பெருமை பாடிக்கொண்டிருந்தவள், தலைநகர் பமாக்கோ போய் ஹோட்டல் பேண்டில் சேர்ந்தாள். எங்கள் ஊரான சேகூவுக்கு வந்தபோது கித்தார், டிரம்ஸ், உயரமான செருப்பு எல்லாம் கூடவே வந்தன. முன்னோர் பாட்டை டிஸ்கோ தாளத்தில் பாடினாள், ஊர் ஆடியது. எத்தனையோ வருடம் என் பாட்டுக்குக் கோரா யாழ் வாசித்த என் கணவர் மாமூரு, அந்தக் கோராவில் ஒயரைச் சொருகிக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றார். அடுத்த மழைக்காலத்துக்குள் அவளை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போன மாதம் என் மகள் தெனெம்பாவுக்குக் கல்யாணம்.

"சித்திதான் பாடணும்மா," என்றாள்.

"ஏன், உங்கம்மா தொண்டையில முள்ளு மாட்டியிருக்கா?"

"உன் பெருமைய நீயே பாடிக்கப் போறியா? ஊர் சிரிக்கும்."

அது உண்மைதான். பெண்ணின் தாயை வேறொருத்திதான் புகழ்ந்து பாட வேண்டும். தாய் எழுந்து ஆட வேண்டும். அவள் எழாவிட்டால் பாடியவளுக்கு அவமானம், அப்புறம் எந்த வீட்டிலும் கூப்பிட மாட்டார்கள். சரி, பாடட்டும் என்று விட்டேன். எழுந்தால்தானே!

பந்தலில் கித்தார் அலறியது, டிரம்ஸ் இடித்தது, நியேலே என்னைப் புகழ்ந்து பாடினாள். நான் அசையவில்லை.

"அடியே, நாற்காலியில பசை தடவியிருக்காங்களா?" என்று பக்கத்து வீட்டு சீரா கத்தினாள். கூட்டம் சிரித்தது. நியேலேவின் முகம் வெளுத்ததைப் பார்த்து எனக்கு மனசு குளிர்ந்தது.

அவள் கையை உயர்த்தினாள். வாத்தியங்கள் நின்றன. வெறும் குரலில் என் அம்மா பெயரைச் சொல்லி அழைத்தாள். பிறகு அம்மாவின் அம்மாவை. என் மகளுக்கே தெரியாத பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. என் பிறந்த ஊருக்கே போய்க் கேட்டு வந்திருக்கிறாள், கள்ளி! பெற்றவளைக் கூப்பிடும்போது உட்கார்ந்திருக்க நான் என்ன பிணமா? எழுந்தேன். ஆடினேன். சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன்.

"நீ எழ மாட்டியோன்னு உயிரே போயிடுச்சுக்கா," என்று காதோரம் சொன்னாள்.

"உனக்காக எழலடி. எங்கம்மாவுக்காக."

திரும்பிப் பார்த்தேன். மாமூரு கோராவை அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பாடப்பட்டது என் வம்சம், ஆடியது நான். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவளை.