உள்ளே மனைவி, வெளியே நோயாளி

போன செவ்வாய்க்கிழமை தேவராஜ் காஞ்சிபுரம் ஓரிக்கையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். பத்து வருடமாக எனக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். மகளுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் என்றார்.

ஷாலினிக்கா? நர்ஸிங் இரண்டாம் வருடம் படிக்கிற பெண்ணுக்கு என்ன அவசரம்?

"நான் கண்ண மூடறதுக்குள்ள ஒரு கல்யாணத்தப் பாத்துடணும் மேடம். மாப்ள வூட்ல படிப்பு வேணாங்கறாங்கோ. நின்னுடும்."

தேவராஜுக்கு நாற்பத்தைந்து வயது. நெஞ்சுக்குழிக்குக் கீழே ஆறு வருடமாக வலி. நாலு இட்லி சாப்பிட்டால் நாற்பது சாப்பிட்ட மாதிரி வயிறு கல்லாகிவிடும். பெரிய காஞ்சிபுரத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். எண்டோஸ்கோபி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை... எல்லாமே நார்மல்.

"ஃபைல்ல ஒண்ணும் இல்லையே தேவராஜ்!" என்றேன்.

"நீங்களும் அதையே சொல்றீங்களே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"எம் மாமனாருக்கு கேன்சர் வந்தப்போ, டாக்டர் அவர வெளிய ஒக்கார வெச்சிட்டு எங்களத்தான் உள்ள கூப்ட்டு சொன்னாரு. நாங்க வெளிய வந்து அவராண்ட 'ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லிக்கினே இருந்தோம். மூணே மாசம். இப்ப என்னிய வெளிய ஒக்கார வெச்சிட்டு எம் பொண்டாட்டியக் கூப்ட்டாங்கோ. அது வந்து இன்னா சொல்லிச்சு? ஒண்ணும் இல்லன்னு!"

"ஷாலினி படிக்கிற பொண்ணு, அவளைக் கேட்கலாமே?"

"அதுவும் ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுது. சொல்லிட்டு அழுவுது மேடம். எனக்குத் தெரியாதா?"

அட மனுஷா! படிப்பு போகிறதே என்று அழுகிற பெண்ணை, அப்பா சாகப் போகிறார் என்று அழுவதாக நினைத்திருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் அவர் மேல் இல்லை, டாக்டர்கள் மேல். வலி இவருக்கு, பதில் மட்டும் மனைவிக்கா? ஊருக்கு வருகிற பட்டுப்புடவைக் கூட்டத்தையெல்லாம் கடை கடையாக ஏற்றி இறக்குகிறவர், தன் வயிற்றைப் பற்றி நாலு வார்த்தை கேட்கத் தகுதியில்லாதவரா? நாம் மட்டும் லேசுப்பட்டவர்களா என்ன... "அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கண்ணைக் காட்டிக் காட்டி அவர்களைப் பழக்கி வைத்திருப்பதே நாம்தானே!

மறுநாளே வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். பரிசோதனை முடிந்ததும் நர்ஸ் வந்து, "பேஷன்ட் இங்கயே இருக்கட்டும், கூட வந்தவங்க மட்டும் உள்ள வாங்க" என்றார்.

"ரெண்டு பேரும் வருவோம். ஒருத்தர்தான்னா அவர் மட்டும்!" என்று கத்தினேன். வராண்டாவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

டாக்டர் இளம்பெண். ஃபைலைப் புரட்டிவிட்டு தேவராஜின் முகத்தைப் பார்த்துப் பேசினார். "கேன்சர் இல்ல, புண்ணும் இல்ல. ஆனா உங்க வலி பொய் இல்ல. இரைப்பை பார்க்க நல்லா இருக்கு, வேலை செய்யற விதத்துலதான் கோளாறு. இது வரும், போகும். சில பேருக்குக் கொறஞ்சிடும். சில பேருக்கு வருஷக்கணக்கா கூடவே இருக்கும். மாத்திரை, சாப்பாட்டுல கொஞ்சம் மாத்தம்னு சமாளிக்கலாம். காரணமில்லாம எடை கொறஞ்சா, ரத்த வாந்தி வந்தா, முழுங்க முடியலன்னா உடனே வாங்க. மத்தபடி இது உங்க ஆயுசைத் தொடாது."

"பேரன் கல்யாணத்துலயும் வலிச்சிக்கினு இருக்குமா டாக்டர்?"

"இருந்தாலும் இருக்கும். ஆனா நீங்களும் இருப்பீங்க."

தேவராஜ் அழுதுவிட்டார். டாக்டர் இதைச் சொல்ல இரண்டு நிமிடம்தான் ஆனது. இந்த இரண்டு நிமிடத்தை ஆறு வருடமாக ஒருவரும் அவருக்கு ஒதுக்கவில்லை!

வெளியே வந்ததும், நிச்சயதார்த்தத்தை நிறுத்தச் சொல்ல மனைவியை அழைக்க போனை எடுத்தார். நான் டாக்டர் மேஜையில் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க உள்ளே ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால்... போன் மறுபடி பாக்கெட்டுக்குள் போயிருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"தனியா கூப்ட்டு இன்னா சொன்னாங்கோ மேடம்?"

கையைப் பிடித்து இழுத்துப்போய் மறுபடியும் டாக்டர் முன்னால் நிறுத்தினேன். அத்தனையையும் இன்னொரு முறை கேட்ட பிறகுதான் போன் வெளியே வந்தது. ஷாலினி மூன்றாம் வருடம் போகிறாள்.

இனி எந்த ஆஸ்பத்திரியிலும் நோயாளியை விட்டு ஓர் அடி நகர மாட்டேன் — கண்ணாடி போனால் போகட்டும்!