கிராட்டிஸ் என்று எழுதிய தாள்

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு இமெல்டா கிற்றாரை முதுகில் கொழுவிக்கொண்டு, ஊத்தை உடுப்புக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நிலவறைக்கு இறங்குகிறார். சுவிஸ் நாட்டு லாங்கன்தாலில் அவர் குடியிருக்கும் நாலு மாடிக் கட்டடத்தில் எட்டுக் குடும்பத்துக்கும் ஒரே ஒரு உடுப்புக் கழுவும் அறை. ஆளுக்கொரு நாள். இமெல்டாவின் நாள் புதன். வெள்ளை உடுப்பை மெசினுக்குள் தள்ளி, கதவை முழங்காலால் ஒரு இடி இடித்துப் பூட்டிவிட்டு, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்திச் சுருதி சேர்ப்பார். மெசின் தண்ணீர் குடித்து முடித்துச் சுற்றத் தொடங்கியதும் பாட்டும் தொடங்கும். வீட்டுக்குள் பாடினால் கீழ்வீட்டுக் கிழவர் தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார். நிலவறையில் இடிக்க ஆளில்லை. "ஸ்டூடியோக்காரன் மெசினில செய்யிற எக்கோ, இஞ்ச எனக்கு சும்மா கிடைக்குது" என்பார்.

வயது ஐம்பத்து நாலு. சொந்த இடம் மன்னார்ப் பக்கம். இருபத்தொரு வருடமாக பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை. பட்டியில் ஓடிவரும் பிஸ்கற்றில் உடைந்ததைப் பொறுக்கி எறிவதுதான் தொழில். கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், வாய் இன்னொரு பக்கம் ஓடும். பாட்டு வரி வந்தால் கிழிந்த காட்போட் துண்டில் எழுதி மேலங்கிப் பையில் செருகிக்கொள்வார். ஞாயிறு பூசைக்கும் முழங்கால் வரை ஏறிய தோல் சப்பாத்தோடுதான் போவார். அகலத் தொப்பியை மட்டும் கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கிற அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவார். "தொப்பி பாட்டுக்கு, முக்காடு பூசைக்கு" என்று தனக்குத்தானே ஒரு சட்டம் வைத்திருக்கிறார். இரண்டையும் ஒருநாளும் மாற்றியதில்லை.

இந்தத் தொப்பிக்குக் காரணம் ரூத் என்ற சுவிஸ்காரி. அதே பட்டியில் எதிரே நின்று வேலை செய்பவர். சனிக்கிழமைகளில் மாட்டுத்தொழுவம் ஒன்றைக் கூட்டித் துடைத்துக் கன்ட்ரி பாட்டுப் போட்டு ஆடும் கூட்டத்தில் ஒருவர். ஒருநாள் இமெல்டாவையும் இழுத்துக்கொண்டு போனார். லொறிக்காரர், பால்காரர், தபால்காரர் எல்லோரும் இடுப்புப்பட்டியில் பெருவிரலைச் செருகி வரிசையாக நின்று ஆடினார்கள். ஏமாந்தவன் ஒருவன் பாடினான். அடுத்த பாட்டில் ஏமாந்தவள் ஒருத்தி ஏமாற்றியவன் காருக்கு நெருப்பு வைத்தாள். இமெல்டா நாலு பாட்டுக் கேட்டார். "எங்கட பைலாப் பாட்டு வெறியில குந்தியிருந்து அழுறமாதிரியெல்லோ கிடக்கு" என்றார். பிறகு, "எனக்கும் ஒரு கதை கிடக்கு" என்றார்.

கதை ஊருக்கே தெரிந்ததுதான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, புதன் கழுவியதில் ஒரு காலுறை குறைகிறது என்று இமெல்டா நிலவறைக்கு இறங்கினார். அன்று நாலாம் மாடிக்காரியின் நாள். அவளுடைய கொடியில், அவளுடைய உடுப்புகளுக்கு நடுவில், ஒரு ஆம்பிளைச் சேட்டு. மூன்றாவது தெறி நீல நூலில் தைத்திருந்தது. வெள்ளை நூல் முடிந்துபோனதால் நீல நூலில் தைத்தவர் இமெல்டா. சேட்டுக்குரியவர் அவருடைய மனுசன், பேர்சி. பண்டகசாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுபவர். சேட்டில் அவளுடைய வாசம் ஒட்டியிருக்கும், வீட்டில் பிடிபட்டுவிடுவோம் என்று பயந்து, ஒட்டிய இடத்திலேயே கழுவக் கொடுத்திருக்கிறார். எட்டு வீட்டுக்கும் கொடி ஒன்றுதான் என்பதை மறந்துபோனார்.

இமெல்டா தன் வீட்டுச் சேட்டை மட்டும் கழற்றினார். கிளிப்புகளை அந்தக் கொடியிலேயே திருப்பிக் குத்திவிட்டு மேலே வந்தார்.

இந்த நாட்டில் வேண்டாத சாமானை வாசலில் வைத்து 'கிராட்டிஸ்' என்று ஒரு தாள் எழுதிவிட்டால், தேவையானவர்கள் சும்மா எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்தநாள் பேர்சி வேலைக்குப் போன கையோடு இமெல்டா தொடங்கினார். சேட்டுகள், சப்பாத்துகள், தூண்டில் தடி, ரேடியோ, பேர்சி ஆசையாகத் தெரிவுசெய்து வாங்கிய நாலு சாப்பாட்டுக் கதிரை, இரண்டு தந்தி அறுந்த கிற்றார். கோயில் கலண்டரில் மார்ச் மாதத்தைக் கிழித்து, பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் கிராட்டிஸ் என்று எழுதி மேலே வைத்தார். மத்தியானத்துக்குள் அநேகமாக எல்லாம் போய்விட்டது. பின்னேரம் மழை தூறியபோது கிற்றார் மட்டும் கிடந்தது. அதைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் உள்ளே எடுத்தார். தாளையும் நாலாக மடித்து எடுத்துவந்து குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்துக்குக் கீழே வைத்தார். வேலையால் வந்த பேர்சி உடுத்த உடுப்போடு வெளியேறினார்.

மூன்றாம் நாள், தமிழ் ஒன்றுகூடல் குழுவிலிருந்து சிறீதரனும் இன்னும் இரண்டு பேரும் சமாதானம் பேச வந்தார்கள். இருக்கக் கதிரை இல்லை. தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

"பிள்ளையை நினைச்சுப் பொறுங்கோ அக்கா. எங்கட பெண்டுகளும் அப்பிடித்தான் சொல்லிவிட்டவை. வெளியில கதைச்சால் எங்களுக்குத்தானே வெக்கம்" என்றார் சிறீதரன்.

"தேத்தண்ணி ஆறுது தம்பி. குடிச்சிட்டுப் போங்கோ" என்றார் இமெல்டா.

பொறுக்கவில்லை. கிற்றாருக்குத் தந்தி போட்டு, ரூத்தின் தம்பியிடம் நாலு சுரம் பழகினார். மூன்று வருடம் கழித்து ஒரு புதன்கிழமை பேர்சி கழுவும் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை, பைக்குள் ஊத்தை உடுப்பு. இமெல்டா மெசினைப் பார்த்தபடியே, "நிரம்பீட்டு. அடுத்த புதன் வா" என்றார். அடுத்த புதனும் நிரம்பிவிட்டது. அதற்கடுத்த புதனும் அப்படித்தான். நாலாவது புதன், "வெள்ளையை வேறையாப் பிரி" என்றார். அவ்வளவுதான் அவர்களுடைய சமாதானப் பேச்சு. அன்றிலிருந்து பேர்சியின் உடுப்பைப் பேர்சிதான் கழுவுகிறார். வேறொரு மாற்றமும் வந்தது. முன்பு 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிட்ட இமெல்டா, இந்த ஒன்பது வருடமாக 'பேர்சி' என்று மொட்டையாகக் கூப்பிடுகிறார். பேர்சியும் 'என்ன' என்று கேட்டுக்கொண்டு வருவார்.

போன வருடம்தான் பாட்டு வெளிவந்தது. ரூத்தின் தம்பியுடைய ஸ்டூடியோவில், மாடு கறந்துவிட்டு வந்த ஒரு கிழவர் கம்பிக் கிற்றாரை இழுத்து இழுத்து அழவைக்க, ஒரே பின்னேரத்தில் பாடி முடித்தார். பேர்ண் நகரில் இருக்கும் மகள் மிஷெல் அதை இணையத்தில் ஏற்றினாள். பெயர் 'கிராட்டிஸ்'. முதல் சரணம் நிலவறையில் தொடங்குகிறது:

மூண்டாம் தெறிக்கு நீல நூல்
முடிச்சுப் போட்டது என்ர கை
நாலாம் மாடிக்காரி கொடியில ஆடுது
நான் தைச்ச சேட்டின்ர ரெண்டு கை

இரண்டாம் சரணத்தில் பழிவாங்கல்:

சேட்டையும் வைச்சன் சப்பாத்தும் வைச்சன்
கதிரையும் வைச்சன் றோட்டில
கதிரைக்கு மேலே அவரையும் வைச்சன்
கிராட்டிஸ் எண்ட சீட்டில

கடைசிச் சரணம்தான் ஆளைக் கொல்லுவது:

றேடியோ போச்சு தூண்டிலும் போச்சு
ரோசமும் சேர்ந்து போச்சுது
மழையில நனைஞ்சு மனுசன் மட்டும்
மாலை வரைக்கும் குந்துது

பாட்டு வந்த கிழமையே தமிழ்க் கடையில் ஒருவன் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து கேட்டான்: "பேர்சி அண்ணை, இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்லையோ?"

பேர்சி கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "மழை விடட்டும் எண்டு பாக்கிறன்" என்றார்.

சுவிஸ்காரர்களின் தொழுவங்களில் இமெல்டா இந்தப் பாட்டைப் பத்துப் பன்னிரண்டு தடவை பாடிவிட்டார். சப்பாத்தால் நிலத்தை உதைத்துக் கைதட்டுகிறார்கள். ஆனால் அவருக்கு மனம் நிறையவில்லை. "சொல்லு விளங்காத ஆக்களுக்கு முன்னால பாடுறது மெசினுக்கு முன்னால பாடுறது மாதிரி. பொறு எண்டு சொன்ன ஆக்கள் முன்வரிசையில இருக்கோணும். அங்க பாடோணும்" என்பார். அதற்காக இந்த வருட ஒன்றுகூடலுக்குப் பெயர் கொடுத்தார்.

சிறீதரன் திரும்பவும் வீட்டுக்கு வந்தார். இந்தமுறை இருக்கக் கதிரை இருந்தது. சமையலறையில் பேர்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு நல்ல பாட்டு அக்கா. ஆனா குடும்பங்கள் வாற இடமெல்லோ."

"நானும் குடும்பம்தான் தம்பி."

"கடைசிச் சரணத்தை மட்டும் விட்டுட்டுப் பாடுங்கோவன்."

"பாதி உடுப்பை மெசினுக்க விட்டுட்டு நான் மேல வாறதில்லை."

சிறீதரன் குரலைத் தாழ்த்தினார். "அப்ப அண்ணை ஓம் எண்டு சொல்லோணும். அவற்ர மானம். அவர் ஓம் எண்டால் எங்களுக்கொண்டும் இல்லை."

சமையலறையிலிருந்து, "யோசிச்சுச் சொல்லுறன்" என்ற குரல் மட்டும் வந்தது.

மூன்று கிழமை ஓடியது. பேர்சி ஒன்றும் சொல்லவில்லை. இமெல்டாவும் கேட்கவில்லை. பட்டியில் நின்றபோது ரூத் நச்சரித்தார், போய்க் கேளேன் என்று. இமெல்டா உடைந்த பிஸ்கற்றை எறிந்துகொண்டே, கேட்டு வாங்குகிற ஓம் தனக்கு வேண்டாம் என்றார். இல்லை என்று வந்தால் மண்டபப் படியே மிதிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார். நிகழ்ச்சிநிரல் அச்சாகி வந்தது. அவர் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி.

ஒன்றுகூடல் நடக்கும் ஞாயிறு காலை அவர் பாலெடுக்கக் குளிர்ப்பெட்டியடிக்குப் போனார். கதவில் காந்தம் மட்டும் ஒட்டியிருந்தது. பன்னிரண்டு வருடத் தாளைக் காணவில்லை. பேர்சியையும் காணவில்லை, காரையும் காணவில்லை. கிழித்தெறிந்துவிட்டுப் போய்விட்டார் என்றே இமெல்டா நினைத்தார். போவதில்லை என்று எடுத்த முடிவு காலடியில் கிடந்தது. அதைத் தாண்டிப்போய் தொப்பியை எடுத்தார். பாடவிடாவிட்டால் என்ன, மேடையிலிருந்து இறங்கு என்று சொல்லுகிறவரின் முகத்தை அவருக்குப் பார்க்கவேண்டியிருந்தது. ரூத்தின் காரில் ஏறினார்.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் நடனம் முடிந்தது. திரைக்குப் பக்கத்தில் சிறீதரன் நிரலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, அண்ணை எங்க? ஓமோ, இல்லையோ?"

"காணேல்ல."

"அப்ப எப்பிடி அக்கா..."

சொல்லி முடிக்கவில்லை. பின்வாசல் திறந்தது. பேர்சி வந்தார். கல்யாணத்துக்குப் போவதுபோல் கோட்டுப் போட்டிருந்தார். கையில் வீட்டுச் சாப்பாட்டுக் கதிரை ஒன்று. வரிசைகளுக்கு நடுவால் ஒரு பக்கமும் பாராமல் நடந்து, மேடையேறி, நட்டநடுவில் கதிரையை வைத்தார். ஒரு கால் ஆடியது. கொஞ்சம் நகர்த்தி, ஆடாமல் சரிபார்த்து, அதில் இருந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். இரண்டு மூலையிலும் துளை போட்டு நூல் கோத்திருந்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டார். கலண்டர்த் தாளில் கொட்டை எழுத்தில், கிராட்டிஸ்.

பின்வரிசைக்காரர் எழுத்தை வாசிக்க எழும்பினார்கள்.

"சிறீ தம்பி, கேட்டனீர்தானே. இதுதான் மறுமொழி" என்றார் பேர்சி. பிறகு இமெல்டாவைப் பார்த்து, "கடைசிச் சரணத்தையும் பாடும்" என்றார்.

இமெல்டா பாடினார். முதல் சரணத்தை முன்வரிசையைப் பார்த்துப் பாடினார். இரண்டாவதில் சப்பாத்துத் தாளம் போட்டது. கடைசிச் சரணத்தில், பொறு என்று அந்த நாளில் சொல்லியனுப்பிய பெண்டுகளே மூன்றாம் வரிசையிலிருந்து 'மாலை வரைக்கும் குந்துது' என்று சேர்ந்து எடுத்தார்கள். சிறீதரன் நிரலால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். பேர்சி மட்டும் சிரிக்கவில்லை. படம் பிடிக்க இருந்தவர்போல நிமிர்ந்து, முழங்காலில் கைகளை வைத்தபடி, பாட்டு முடியுமட்டும் இருந்தார்.

கைதட்டு ஓயவில்லை. இமெல்டா கிற்றாரை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக் கதிரையடிக்குப் போனார். ஒலிவாங்கிக்கு எட்டாத குரலில், முன்வரிசைக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "இஞ்சாருங்கோ, கழுத்தை நீட்டுங்கோ."

பேர்சி நீட்டினார். நூல் காதில் சிக்காமல் தாளைக் கழற்றி, பழைய மடிப்பிலேயே நாலாக மடித்து, தன் சட்டைப் பைக்குள் வைத்து, இமெல்டா தெறியைப் பூட்டினார்.