முசிறியிலிருந்து வந்த பெரியம்மா

அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதவர் முசிறிப் பெரியம்மாதான். அவர் எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லை. பெரியம்மா என்று கூப்பிடச் சொன்னது அவரேதான். முசிறியிலிருந்து பஸ் ஏறி வருவார் என்பதால் ஊரின் பெயரும் முன்னால் ஒட்டிக்கொண்டது.

அப்பா திருச்சியில் தீயணைப்பு வீரராக இருந்தார். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் ஜவுளிக் கிடங்கு தீப்பிடித்தபோது உள்ளே போனவர், சுவர் இடிந்து விழுந்ததில் இறந்துபோனார். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. ஸ்ரீரங்கத்தில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு யார் யாரோ வந்தார்கள். காரியம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். துணைக்கு மாமா மட்டும் தங்கினார். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுவாள். எனக்கோ ஒரு நல்ல பெயர் கிடைத்திருந்தது. நான் அழவே இல்லை. "அப்பா மாதிரியே தைரியம்" என்று வந்தவர்களெல்லாம் என் கன்னத்தைத் தொட்டுச் சொன்னார்கள். அந்தப் பெயரை முதல் ரேங்க் போலக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கையில் ஒரு சீப்புப் பூவன் பழத்தோடு பெரியம்மா வந்து நின்றார். யாரென்று மாமா விசாரித்தார்.

"எங்க வீட்டுக்காரரும் இதே ஃபயர் ஸ்டேஷன்தாங்க. ரொம்ப வருஷத்துக்கு முன்ன கிணத்துல விழுந்தவனத் தூக்க இறங்கினாரு. உள்ள விஷவாயு. அவன் பொழைச்சுட்டான், இவரு மேல வரல" என்றார், யாருக்கோ வழி சொல்வதுபோல.

பிறகு உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லோரையும் போலக் கட்டிக்கொண்டு அழுவார் என்று வாசற்படியில் நின்று பார்த்தேன். அவர் அழவில்லை. "ஏம்மா, மூணு மணி வெயில்ல வந்திருக்கேன். ஒரு வாய் காபி போட்டுத் தர மாட்டியா?" என்று கேட்டார்.

மாமா அடுப்பங்கரைக்கு ஓடினார். பெரியம்மா விடவில்லை. "நீங்க இருங்க தம்பி. அவ கையால குடிக்கணும்னுதான் வந்தேன்."

அம்மா எழுந்தாள். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு போய்க் காபி போட்டாள். அதையாவது பேசாமல் குடித்தாரா? சர்க்கரை பத்தவில்லை என்றார். அம்மா இன்னொரு முறை எழுந்து போனாள். அடுத்த வாரம் வந்து வத்தக்குழம்பு கேட்டார். அதற்கடுத்த வாரம், தேங்காய் வாங்க வேண்டும், கடை தெரியாது, கூட வா என்று அம்மாவைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போனார். துக்க வீட்டுக்கு வந்து இப்படி நாக்கைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாரே என்று மாமா முணுமுணுத்தார். எனக்கும் அதே எண்ணம்தான். அம்மா மறுபடி சமைக்கத் தொடங்கியதும், அவள் கையால் நான் சாப்பிடத் தொடங்கியதும் அந்தப் பொல்லாத விருந்தாளியால் என்று எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. இன்று நினைத்தால் அவர் இருந்த திசை நோக்கிக் கைகூப்பத் தோன்றுகிறது.

ஏப்ரல் மாதம் வந்தது. பணியில் இறந்தவர்களுக்கு ஸ்டேஷனில் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துவார்கள். அம்மா வர மாட்டேன் என்றுவிட்டாள். சிவப்பு வண்டியைத் தெருவில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அவள்.

"எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கும்மா. துணைக்கு வா" என்றார் பெரியம்மா.

முசிறியிலிருந்து தனியாக வந்து போகிறவருக்குப் பயமா? புளுகு என்று நினைத்தேன். அம்மா என்னமோ கிளம்பிவிட்டாள்.

நினைவுத்தூணுக்கு மாலை போட்டார்கள். எல்லோரும் தொப்பியைக் கழற்றி மௌனமாக நின்றார்கள். அது முடிந்ததும் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு எட்டவே நின்று தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்ப்பா, இப்படியே நின்னா எப்படி? அவரு இங்க எப்படி இருந்தாருன்னு இந்தக் குழந்தைக்கு ஏதாவது சொல்லுங்க" என்றார் பெரியம்மா.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவர்களில் தீயணைப்பு வண்டி ஓட்டும் டிரைவர் மாமா வாயைத் திறந்தார்.

"தீக்குப் பயப்பட மாட்டான் பாப்பா உங்கப்பா. பாம்புன்னா மட்டும் ஆகாது. பாம்பு புடிக்கக் கூப்பிட்டா, நீங்க போங்க, நான் வண்டியப் பாத்துக்கறேம்பான். ஒரு தடவ புடிச்ச பாம்பச் சாக்குல கட்டி வண்டியில வச்சுட்டோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சிக்னல்ல நிக்கும்போது சாக்கு ஆடிச்சு. திரும்பிப் பாக்கறேன், சீட்டுல ஆளக் காணோம். வண்டி கூரை மேல நிக்கறான். கூட்டம் கூடிருச்சு. எங்க சார் தீயின்னு கேக்கறாங்க. இவன் மேல இருந்துகிட்டே, ஒண்ணுமில்லீங்க, ஏணி செக் பண்றோம்ங்கறான்!"

பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டது. இருமல் என்று நினைத்துத் திரும்பினேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்றுகூடத் தெரியவில்லை. ஓவென்று அழுதுவிட்டேன். கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய நல்ல பெயர் அத்தனை பேர் முன்னால் போயிற்று.

ஒருவர் தண்ணீர் எடுக்க ஓடினார், ஒருவர் பிஸ்கட் வாங்க ஓடினார். "விடுங்கப்பா, அழட்டும்" என்றார் பெரியம்மா. அம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளும் அழுதாள். அழுதுகொண்டே, "அப்புறம் எப்படிண்ணே கீழ இறங்கினாரு?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் அவர்களை நிறுத்த முடியவில்லை. ஆளாளுக்கு அப்பாவைப் பற்றிச் சொன்னார்கள். எனக்குத் தெரியாத ஒரு முழு அப்பாவை அன்றைக்கு அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது பெரியம்மா, "எங்க ஆளோட வேலை பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களாப்பா?" என்று கேட்டார்.

டிரைவர் மாமா தயங்கினார். "நாங்கல்லாம் பின்னால வந்தவங்கம்மா."

"சரி சரி, சும்மாதான் கேட்டேன்" என்று பெரியம்மா பையை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்மா அவரை முசிறி பஸ்ஸில் ஏற்றவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு எங்க வீட்டுல இருந்துட்டுப் போங்கக்கா. உங்க வீட்டுக்காரரப் பத்தி நீங்க சொல்லுங்க. நான் கேக்கறேன்."

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எனக்கு நடு இடம். பெரியம்மா மெல்லத் தொடங்கினார். தன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்த லாரி வழியில் நின்றுபோன கதை அது. என் தலைக்கு மேலாக அம்மா "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள். காவிரிப் பாலம் வந்தது. கீழே வெறும் மணல். அழுத அசதி, பேச்சுச் சத்தத்தில் தூங்க முடியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. "பெரியம்மா, மெதுவாப் பேசுங்களேன்" என்று சிணுங்கிவிட்டு அவர் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனேன். அத்தனை வருஷமும் யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர் சுமந்துகொண்டிருந்த கதை அது என்பது எனக்கு அப்போது தெரியாது.